பை கோணுது, நூல் அறுது, ஜிப் நெளியுது: குறையைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

வீட்டில் ஒரு தையல் மிஷின் இருக்கிறது. பழைய வேட்டியோ, இரண்டு மீட்டர் காடாத் துணியோ, கட்ட மனசில்லாத ஒரு புடவையோ கிடக்கிறது. அதை வைத்து ஒரு மளிகைப் பை, கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலைப் பாக்கு வைத்துக் கொடுக்க நாலைந்து சுருக்குப்பை, பிள்ளைக்குப் பென்சில் போட ஒரு ஜிப் பவுச், சோபாவுக்குக் குஷன் உறை, இவ்வளவுதான் தைக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பிளவுஸ், சுடிதார் பக்கம் நான் போகவில்லை, அது வேறு உலகம்.

முதலில் ஒன்று. எந்தக் கோளாறு வந்தாலும் கை உடனே நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகுக்குப் போகும், அதை அடக்குங்கள். மேல்நூலை முழுசாக உருவிவிட்டு மறுபடி கோர்த்துவிடுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் ஊசியை மாற்றுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் கீழ்நூல் சுற்றிய பாபின் உட்காரும் பாபின் கேஸைக் கழற்றி உள்ளே இருக்கும் பஞ்சைத் தட்டுங்கள். இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் திருகு. இந்த வரிசையில் போனால் முக்கால்வாசிச் சிக்கல் திருகு வரைக்கும் வரவே வராது. வரிசையை மாற்றித் திருகில் ஆரம்பித்தால், முதலில் ஒரு கோளாறு இருந்த இடத்தில் இப்போது இரண்டு இருக்கும்.

துணிக்கு அடியில் நூல் சிக்குச் சிக்காகச் சேருகிறது

மேலே பார்த்தால் தையல் பரவாயில்லை போல இருக்கும், திருப்பினால் அடியில் ஒரே சிக்கு. சிக்கு கீழே இருப்பதால் எல்லோரும் பாபினைத்தான் திட்டுவோம். ஆனால் தப்பு பெரும்பாலும் மேல்நூலில். மேல்நூலை இறுக்கிப் பிடிக்க எதுவும் இல்லாவிட்டால் அது தேவைக்கு மேல் இறங்கிப்போய்க் கீழே குவிகிறது, அவ்வளவுதான்.

ஏன் பிடிக்கவில்லை? துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்த்திருப்பீர்கள். ஃபுட் கீழே இருக்கும்போது டென்ஷன் தட்டுகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், நூல் நடுவில் நுழையாமல் மேலேயே உட்கார்ந்துவிடும். ஃபுட்டைத் தூக்கிவிட்டுக் கோர்த்துவிடுங்கள். கோர்த்ததும் ஒரு சோதனை: ஃபுட் மேலே இருக்கும்போது நூலை இழுத்தால் சும்மா வர வேண்டும், ஃபுட்டை இறக்கிவிட்டு இழுத்தால் ஊசியே லேசாக வளைகிற அளவுக்கு முரண்டு பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லையா, நூல் தட்டுக்குள் போகவில்லை. அதோடு, மேலும் கீழும் ஆடுகிற அந்தக் கொண்டியின் துளையில் நூல் இருக்கிறதா என்றும் பாருங்கள், வேகமாக மிதிக்கும்போது அதிலிருந்து நழுவிவிடும்.

தையல் ஆரம்பிக்கும் இடத்தில் மட்டும் சிக்கு, அப்புறம் சரியாகிவிடுகிறது என்றால் மிஷினில் ஒன்றும் இல்லை. மேல்நூல், கீழ்நூல் இரண்டின் நுனியையும் பின்பக்கமாக இழுத்து முதல் மூன்று நான்கு தையல் வரை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மெல்லிய துணியை ஊசித் துளை உள்ளே இழுத்துக்கொள்வதும் இங்கேதான் நடக்கும். அதற்கு ஒரு கழிவுத் துண்டில் தையலைத் தொடங்கி, நிறுத்தாமல் அப்படியே நல்ல துணிக்குள் ஏறிவிட வேண்டும்.

மேல்நூல் அறுந்துகொண்டே இருக்கிறது

மிதிக்கிற மிஷின் என்றால் முதல் சந்தேகம் சக்கரத்தின் மேல். கைச்சக்கரம் உங்களை நோக்கிச் சுற்ற வேண்டும். புதிதாக மிதிப்பவர்களுக்கு ஆரம்பத்தில் அது எதிர்ப்பக்கம் ஓடிவிடும், ஓடிய உடனே நூல் பட்டென்று அறும். வலது கையால் சக்கரத்தை உங்கள் பக்கமாகத் தள்ளிவிட்டு, அது சுற்ற ஆரம்பித்த பிறகு காலை அழுத்துங்கள்.

அடுத்து ஊசி. ஊசியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், ஒரு பக்கம் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். நூல் அந்தப் பள்ளம் இருக்கிற பக்கத்திலிருந்துதான் கண்ணுக்குள் நுழைய வேண்டும். ஊசித் தலையின் தட்டைப் பக்கம் அதற்கு எதிரே இருக்கும். எந்த மிஷினுக்கு எந்தத் திசை என்று மனப்பாடம் செய்வதைவிட இதை நினைவில் வைப்பது சுலபம்.

ஊசிக்கும் நூலுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நல்ல சோதனை உண்டு. ஒரு முழம் நூலை ஊசியில் கோர்த்து, நூலின் இரண்டு முனையையும் சாய்வாக இழுத்துப் பிடியுங்கள். ஊசி தானாகச் சரிந்து கீழே ஓட வேண்டும். நடுவழியில் நின்றால் நூலுக்கு ஊசிக் கண் சின்னது, அல்லது கண்ணின் விளிம்பு சொரசொரப்பாகிவிட்டது. மல், பழைய பட்டு மாதிரி மெல்லியதற்கு 11, சாதாரணப் பருத்திக்கும் காடாவுக்கும் 14, ஜீன்ஸ், கேன்வாஸ், பையின் கைப்பிடிக்கு 16 என்று வைத்துக்கொண்டால் வீட்டுத் தையலுக்குப் போதும்.

நூலே மட்டமாக இருந்தாலும் அறும். வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், சின்னச் சத்தம் கூட இல்லாமல் பிய்ந்து வந்தால் அதைக் கை ஓட்டுத் தையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் பல வருஷமாகக் கிடந்த பாட்டி காலத்து நூல்கண்டு பார்க்க அழகு, தைக்க உதவாது.

கீழ்நூல்தான் அறுகிறது என்றால் பாபினை விளிம்பு தாண்டி நிரப்பியிருப்பீர்கள், அல்லது ஒரு பக்கம் குண்டாகவும் ஒரு பக்கம் ஒல்லியாகவும் சுற்றியிருப்பீர்கள். பாபின் கேஸில் நூல் வெளியே வருகிற தகட்டுக்கு அடியில் பஞ்சு அடைத்திருந்தாலும் இதே கதைதான். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் முனையை அந்த இடுக்கில் விட்டு ஒரு இழுப்பு, கறுப்பாக ஒரு தூசித் திரி வெளியே வரும்.

கீழ் டென்ஷன் சரியா என்று பார்க்க பாபின் கேஸை நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். சும்மா தொங்கும்போது நிற்க வேண்டும், கையை ஒரு உதறு உதறினால் ஒரு இன்ச், இரண்டு இன்ச் இறங்கி மறுபடி நிற்க வேண்டும். கடகடவென்று தரைக்கு ஓடினால் தளர்வு, உதறினாலும் அசையவில்லை என்றால் இறுக்கம். அந்தச் சின்னத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பாருங்கள், வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்துச் செய்யுங்கள், திருகு கழன்று விழுந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

தையல் விட்டு விட்டு விழுகிறது

புது ஊசி போடுங்கள். கிண்டல் இல்லை, பத்துக்கு எட்டு முறை அதுதான் மருந்து. ஊசி வளைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி மேல் தட்டைப் பக்கத்தை வைத்து, இடைவெளி முழு நீளத்துக்கும் சமமாக இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். போடும்போது ஊசியை மேலே முட்டும் வரை ஏற்றிவிட்டுத் திருகுங்கள், ஒரு நூல் அளவு இறங்கி நின்றாலும் தையல் தப்பும்.

பழைய டீ ஷர்ட்டை வெட்டிப் பை தைக்கிறீர்கள் என்றால் சாதாரண ஊசி சரிவராது. பனியன் துணிக்கென்றே முனை உருண்ட ஊசி கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஊசி உடைகிறது

துணியைப் பின்னாலிருந்து இழுக்கிறீர்கள். மிஷினின் பல் தானாகத் துணியை நகர்த்தும், உங்கள் கை வழிகாட்ட மட்டும்தான். குண்டூசி மேல் ஏறுவது, உலோகப் பல் வைத்த ஜிப்பைக் குறுக்கே கடப்பது, பையின் கைப்பிடி சேருகிற எட்டு மடிப்பில் வேகமாக மிதிப்பது, இவையும் உடைக்கும். உடைந்த முனையைத் தேடி எடுக்காமல் எழுந்திருக்காதீர்கள். அது குழந்தைக்குக் கொடுக்கப்போகிற குஷனுக்குள் இருக்கலாம்.

தைத்த கோடு நெளிந்து சுருங்குகிறது

மெல்லிய துணியில் இது அதிகம். டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்துங்கள், 11ஆம் நம்பர் ஊசி போடுங்கள், துணிக்கு அடியில் ஒரு பட்டர் பேப்பர் வைத்துச் சேர்த்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

பலருக்குத் தெரியாத ஒரு காரணம் பாபினில் இருக்கிறது. பாலியஸ்டர் நூலைப் பாபினில் அசுர வேகத்தில் சுற்றினால் நூல் இழுபட்டு நீண்ட நிலையிலேயே உட்கார்ந்துவிடும். தைத்து முடித்த பிறகு அது தன் பழைய நீளத்துக்குத் திரும்பும், கூடவே துணியையும் இழுத்துக்கொள்ளும். தைக்கும்போது நன்றாக இருந்தது, மறுநாள் பார்த்தால் சுருக்கம் என்றால் இதுதான். நிதானமாகச் சுற்றுங்கள்.

தைத்தபோது நன்றாக இருந்து, முதல் துவையலுக்குப் பிறகு சுருங்கினால் அது வேறு விஷயம். பருத்தி சுருங்கியது, பாலியஸ்டர் நூல் சுருங்கவில்லை. காடாவில் இது ரொம்பவே தெரியும். நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்கினால்கூட 20 இன்ச் துணியில் ஒரு முழு இன்ச் போய்விடும். வெட்டுவதற்கு முன்பே ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி போக அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டுவிட்டு அளவெடுங்கள். பரிசாகக் கொடுக்கும் பொருளுக்கு இதைத் தவிர்க்கவே கூடாது, ஏனென்றால் முதல் துவையல் உங்கள் கண் முன்னால் நடக்காது.

இரண்டு துணியையும் ஒன்றாகத்தான் வைத்தேன், முடிவில் மேல்துணி மட்டும் நீண்டு நிற்கிறது

கீழ்த்துணியைப் பல் இழுக்கிறது, மேல்துணியை ஃபுட் அழுத்திப் பின்னுக்குத் தடுக்கிறது, அதனால் கீழே உள்ளது வேகமாகப் போய்ச் சேரும். வெட்டியதில் ஒன்று கொஞ்சம் நீளமாக இருந்தால் அதை அடியில் வையுங்கள், பல் அந்த மிச்சத்தைத் தானே விழுங்கிவிடும். இரண்டு முனையிலும் நடுவிலும் முதலில் குண்டூசி குத்திவிட்டு, அப்புறம் இடைவெளிகளை நிரப்புங்கள். ஒரு முனையிலிருந்து வரிசையாகக் குத்திக்கொண்டே போனால் மிச்சம் எல்லாம் மறுமுனைக்குத் தள்ளப்படும்.

பை ஒரு பக்கமாகக் கோணுகிறது, மேசையில் நிற்க மாட்டேன் என்கிறது

இதற்கு மிஷின் பொறுப்பே இல்லை, கத்தரிக்கோல்தான். கடையில் வெட்டிக் கொடுத்த ஓரம் நேராக இருக்கும் என்று நம்பி அதிலிருந்தே அளந்திருப்பீர்கள். நெய்யும்போதே அமைந்த துணியின் கரை மட்டும்தான் நம்பத்தகுந்த நேர்கோடு. குறுக்குவாக்கில் நேர் பிடிக்க, ஓரத்தில் ஒரே ஒரு நூலைப் பிடித்து மெல்ல உருவுங்கள், அது போன தடம் துணியில் ஒரு கோடாகத் தெரியும். அதன் மேல் வெட்டினால் துல்லியமாக நேராக வரும். காடா, பாப்ளின் இரண்டும் நேராகக் கிழியவும் கிழியும், ஒரு சின்ன வெட்டு கொடுத்துவிட்டுச் சர்ரென்று இழுத்தால் போதும். கைப்பிடியும் அப்படித்தான், கரைக்கு இணையாகப் போகும் பாவு நூல் நீளவாக்கில் ஓடும்படி வெட்ட வேண்டும். குறுக்கிலோ கிராஸாக, அதாவது சாய்வாகவோ வெட்டிய கைப்பிடி நாலு தேங்காய் போட்டதும் முழங்கால் வரை நீளும்.

அடிப்பாகம் அகலமாக உட்கார மூலையில் சதுரம் வெட்டித் தைப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கேதான் கணக்கு இடிக்கும். 4 இன்ச் அடிப்பாகத்துக்குத் தையலுக்கு விட்ட அரை இன்ச்சையும் கூட்டி 2½ இன்ச் சதுரம் வெட்டுவார்கள், தைத்துப் பார்த்தால் 5 இன்ச் வரும். காரணம், பக்கத்திலும் அடியிலும் தையலுக்குப் போகும் அரை இன்ச்சை, மூலையைத் தைக்கும்போது உள்ளே தள்ளிப் போடும் அரை இன்ச் ஈடுகட்டிவிடுகிறது. துணியின் ஓரத்திலிருந்து அளந்தால் வேண்டிய அகலத்தில் பாதி, அவ்வளவுதான். அதாவது 4 இன்ச் அடிப்பாகத்துக்கு, எல்லாத் தையலுக்கும் ஒரே அளவு விட்டால், 2 இன்ச் சதுரம். பக்கத் தையலையும் அடித் தையலையும் ஒன்றின் மேல் ஒன்று பொருத்தும்போது, உள்ளே இருக்கும் மிச்சத் துணியில் ஒன்றை இடப்பக்கமும் இன்னொன்றை வலப்பக்கமும் சாய்த்துவிடுங்கள். இரண்டு தையலும் விரல் நகத்தால் தடவினால் ஒன்றுக்கொன்று அண்டை கொடுத்து உட்காருவது தெரியும், மூலை கோணாது, நான்கு மடிப்பு ஒரே இடத்தில் குவிந்து ஊசியும் திணறாது.

அளவு சரி, தையலும் சரி, ஆனாலும் பை கசங்கிய காகிதம் மாதிரி இருக்கிறது என்றால் ஒவ்வொரு தையலுக்கும் நடுவில் இஸ்திரி போடவில்லை. கடையில் வாங்கிய பைக்கும் வீட்டுப் பைக்கும் இருக்கும் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் இஸ்திரிப் பெட்டிதான் என்பது என் கட்சி.

கைப்பிடி பிய்ந்து வருகிறது அல்லது முறுக்கிக்கொள்கிறது

மேல் ஓரத்தில் ஒற்றைக் கோடு தைத்துக் கைப்பிடியை மாட்டினால் அது பிய்யத்தான் செய்யும். கைப்பிடியின் முனை பையின் மேல் மடிப்புக்குள் ஒன்றரை இன்ச்சாவது இறங்கி இருக்க வேண்டும், அங்கே ஒரு சதுரம் தைத்து, உள்ளே மூலைக்கு மூலை குறுக்குக் கோடு போடுங்கள். மளிகைப் பை என்றால் கைப்பிடி சேரும் இடத்துக்குப் பின்னால் உள்பக்கம் ஒரு சின்னத் துண்டுத் துணி வைத்துத் தையுங்கள். கைப்பிடி உறுதியாக நின்று அதைச் சுற்றியிருக்கும் துணி கிழிவதும் உண்டு, பழைய வேட்டிப் பைகளில் அதுதான் வழக்கம்.

முறுக்கிக்கொள்வதற்குக் காரணம், கைப்பிடியின் ஒரு ஓரத்தை மேலிருந்து கீழாகவும் மறு ஓரத்தைக் கீழிருந்து மேலாகவும் தைத்திருப்பது. இரண்டு ஓரத்தையும் ஒரே முனையிலிருந்து தொடங்குங்கள்.

தடித்த இடத்தில் ஏறும்போது ஃபுட் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நகராமல் நின்றால், அட்டையையோ அதே துணியையோ அந்த உயரத்துக்கு மடித்து ஃபுட்டின் பின்பக்கத்துக்கு அடியில் வையுங்கள். ஃபுட் மட்டமாகிவிடும், பல் இழுக்கும். அப்போதும் மிதிக்காமல் கைச்சக்கரத்தைச் சுற்றியே கடந்துவிடுங்கள்.

ஜிப் நெளிகிறது, ரன்னர் சிக்குகிறது, பவுச்சைத் திருப்பவே முடியவில்லை

நெளிவது, தைக்கும்போது ஜிப்பையோ துணியையோ இழுத்ததால். மெல்லிய துணியில், இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுக் கேன்வாஸை ஒட்டிவிட்டுத் தைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். ஜிப்பை மூடித் திறக்கும் ரன்னர் கிட்டே வரும்போது கோடு வளைந்து விலகியிருக்கிறதா? ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, ரன்னரைத் தைத்து முடித்த பக்கத்துக்கு நகர்த்திவிட்டுத் தொடருங்கள். இன்னும் சுலபமான வழி, பவுச்சைவிட இரண்டு இன்ச் நீளமாக ஜிப் எடுத்து ரன்னரைத் துணிக்கு வெளியே தள்ளிவைத்துத் தைப்பது. மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் நைலான் ஜிப்பும் தனி ரன்னரும் வாங்கினால் இந்தத் தாராளம் கிடைக்கும், மிச்சத்தை அப்புறம் வெட்டிவிடலாம். வெட்டுவதற்கு முன் ரன்னரை உள்ளே கொண்டுவந்துவிடுங்கள்.

பவுச்சின் மூன்று பக்கமும் தைப்பதற்கு முன் ஜிப்பைப் பாதி திறந்து வைக்கவில்லை என்றால், எல்லாம் தைத்த பிறகு உள்பக்கத்தை வெளியே எடுக்க வழியில்லாமல் உட்கார்ந்திருப்பீர்கள். வெளியிலிருந்து ரன்னரின் முதுகை நகத்தால் நெம்பித் தள்ளிப் பாருங்கள், நகராவிட்டால் ஒரு பக்கத் தையலைப் பிரிப்பதுதான்.

மூடிய பிறகு ஜிப் பின்னாலேயே பிளந்துகொண்டு வந்தால் ரன்னர் வாய் அகன்றுவிட்டது, குறட்டால் இரண்டு பக்கமும் மிக லேசாக நசுக்குங்கள். இறுக்கமாக ஓடினால் மெழுகுவத்தியைப் பல் மேல் தேயுங்கள்.

சுருக்குப்பை சுருங்க மாட்டேன் என்கிறது

நாடா போகும் பாதை குறுகல், அல்லது துணி விறைப்பு. நாடாவின் தடிமனைவிட இரண்டு மடங்காவது பாதைக்கு அகலம் வேண்டும். பட்டுப் புடவை முந்தானையில் தைத்தால் ஜரிகை விறைத்துக்கொண்டு நிற்கும், வாய்ப்பகுதிக்கு மட்டும் மெல்லிய பருத்திப் பட்டை வைத்து நாடாவை அதில் ஓட்டுங்கள். ஒரே நாடா போட்டால் ஒரு பக்கம்தான் இழுக்கும். இரண்டு நாடா, ஒன்று இடப்பக்கம் நுழைந்து சுற்றி இடப்பக்கமே வெளிவர, மற்றது வலப்பக்கம். கோர்க்க ஊக்கு போதும்.

பட்டுத் துண்டு ஓரம் பிசிறு பிசிறாகப் பிரிந்தால், ஓரத்தைப் பின்னித் தரும் ஓவர்லாக் மிஷினைத் தேடி ஓட வேண்டாம். நல்ல பக்கம் வெளியே தெரிய வைத்துக் கால் இன்ச்சில் ஒரு தையல், மிச்சத்தைப் பாதியாக நறுக்கி, உள்பக்கமாகத் திருப்பி மறுபடி கால் இன்ச்சில் ஒரு தையல். பிசிறு உள்ளேயே அடைபட்டுவிடும். பழைய புடவையில் உடுத்தி உடுத்தி நைந்த நடுப்பகுதியை விட்டுவிட்டு முந்தானைப் பக்கமிருந்து வெட்டுங்கள்.

குஷன் உறை தொளதொளவென்று இருக்கிறது, பின்னால் வாய் பிளக்கிறது

குஷன் 16 இன்ச் என்றால் தைத்து முடித்த உறையும் 16 இன்ச்தான் இருக்க வேண்டும், பஞ்சு பழையது என்றால் 15½கூட நல்லது. பின்பக்கம் இரண்டு துண்டும் ஒன்றின் மேல் ஒன்று 4 இன்ச்சாவது ஏறியிருக்க வேண்டும், 5 இன்ச் என்றால் நிம்மதி. மூலை நாய்க்காது மாதிரி நீட்டிக்கொண்டு நின்றால், மூலைக்கு மூன்று இன்ச் முன்னாலிருந்தே கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சாய்த்து, மூலையில் அரை இன்ச் உள்ளே வரும்படி தையுங்கள்.

சிவப்பு, வெள்ளையில் இறங்கிவிட்டது

ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்காமல் எந்தச் சிவப்பையும் வெள்ளை லைனிங்கோடு சேர்க்காதீர்கள். உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தண்ணீர் தெளிவாகும் வரை அலசுவது, தெளியவே இல்லை என்றால் கறுப்பு லைனிங் போடுவது, இரண்டுதான்.

மிஷினே கனமாக ஓடுகிறது

பாபின் கேஸைக் கழற்றிப் பார்த்தால் அது உட்காரும் ஷட்டிலுக்குள் ஒரு நூல் சுற்றிக்கொண்டிருக்கும், அதை எடுங்கள். அப்புறம் எண்ணெய். மிஷின் எண்ணெய் மட்டும். தேங்காய் எண்ணெய் விட்டால் அன்றைக்கு வழுக்கிக்கொண்டு ஓடும், நாளாக நாளாகப் பிசின் மாதிரி இறுகிப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் விட்ட பிறகு கழிவுத் துணியில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு நல்ல துணியை வையுங்கள். கால் ஓடுகிறது, மேலே சக்கரம் சுற்றவில்லை என்றால் தோல் பெல்ட் தொய்ந்திருக்கிறது, அரை இன்ச் வெட்டிக் கம்பியை மறுபடி மாட்டலாம்.

நூல், ஊசி, பஞ்சு, டென்ஷன் எல்லாம் பார்த்தாகிவிட்டது, புது ஊசியிலும் கீழ்நூல் மேலே வரவே இல்லை என்றால், ஊசி இறங்கும் நேரமும் ஷட்டில் முனை வரும் நேரமும் பொருந்தவில்லை. அதை வீட்டில் சரிசெய்யப் பார்க்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கோளாறோடு தைத்த துணியைப் பிரித்துவிடாமல், எந்த ஊசி, எந்த நூல் என்று அதிலேயே எழுதி அவரிடம் காட்டுங்கள்.